'சோறு' சொல்லாத போன்

தோழியின் வீடு தருமபுரியில் ஒரு மெத்தைக் கடையின் மாடியில் இருக்கிறது. கடை அவளுடைய அத்தாவுடையது; அப்பாவை அவர்கள் வீட்டில் அப்படித்தான் அழைப்பார்கள். பஞ்சு அடிக்கிற நாள்களில் இலவம்பஞ்சு மாடிப்படி வரை மிதந்து வரும். சனிக்கிழமைகளில் பொம்மிடியிலிருந்து பஸ் ஏறி நான் அங்கே போய்ச் சேரும்போது பெரும்பாலும் மதியம் ஆகியிருக்கும். வெயிலில் கண் கூசி வந்தவளுக்கு அந்தப் படிக்கட்டு பாதித் தூக்கத்தில் ஏறுவது போலத்தான் இருக்கும். முகத்துக்கு முன்னால் வெள்ளை இழைகள் மெதுவாக ஏறி இறங்கும். மேலே கதவைத் தட்டுவதற்கு முன்பே, "வா. உக்காரு. டீ" என்று தோழியின் குரல் கேட்கும்.

உள்ளே போனால் தோழி அடுப்பங்கரையில் வாயை மூடிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். "நான் கூப்புடலடி. எங்கம்மா கூப்புட்டாங்க. டீயும் அவங்களயே கேளு" என்பாள்.

அவள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. காது நன்றாகக் கேட்டது, எல்லாம் புரிந்தது. மனதில் இருப்பதைச் சொல்ல மட்டும் நாக்கு புரளவில்லை. தமிழ் எழுத்து படிக்கத் தெரியாது, அரபியில் குர்ஆன் ஓதத்தான் தெரியும். அதனால் எழுதிக் காட்டவும் வழியில்லை. தோழியும் நானும் ஒரே பொறியியல் கல்லூரியில் கணினி படித்தவர்கள். நான் ஒரு பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். அவள் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டிருந்தாள். இருவரும் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதினோம். திரையில் படங்கள் இருக்கும். அம்மா இடது கையால் மவுஸை நகர்த்தி ஒரு படத்தை அழுத்தினால் அதற்குரிய வார்த்தையைக் கணினி பேசும். வார்த்தைகளையெல்லாம் தோழியே பேசிப் பதிவு செய்தாள். கடையின் பின்னறையில் நான்கு பக்கமும் மெத்தைகளை நிறுத்தி, நடுவில் அவளை உட்காரவைத்துப் பதிவு செய்தோம். வெளிச்சத்தம் ஒன்றும் வராது. வியர்வையில் நனைந்துபோய் எழுந்து வருவாள்.

இப்படித்தான் அந்த வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே குரல் ஆனது. மாடியிலிருந்து அழைப்பு வந்தால் கீழேயிருந்து அத்தா, "யாரும்மா கூப்புட்டது, நீயா உங்கம்மாவா?" என்று கேட்பார். மகளென்றால் வேலையை முடித்துவிட்டு வருவார், மனைவியென்றால் உடனே ஏறி வருவார். இது தெரிந்ததும் தோழி பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

ஆனால் அந்தப் பேச்சு ஒரே ஒரு கணினியில்தான் இருந்தது. ஜன்னலோரம் மேசை மேல் இருந்த பழைய டெஸ்க்டாப். அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும்வரை அம்மா பேசுவார். எழுந்துவிட்டால் அவ்வளவுதான். குளிக்கப் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும், யாராவது விசேஷத்துக்கு அழைத்துப் போனாலும் பேச்சை மேசையிலேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எதிர் வீட்டு அம்மாள் தெருவிலிருந்து கையசைத்து, "நல்லாருக்கீங்களா?" என்று கேட்டால், இவர் "நல்லாருக்கேன்" படத்தை அழுத்துவார். படி வழியாகக் கடைக்கு இறங்குகிற சின்ன ஸ்பீக்கரின் சத்தம் தெரு இரைச்சலைத் தாண்டி எதிர்ப்பக்கம் எட்டாது. மறுபடி அழுத்துவார். அந்த அம்மாள் அதற்குள் போயிருப்பார்.

ஒருநாள் தோழி போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா எழுந்து வந்து அந்தப் போனைக் கையிலிருந்து வாங்கினார். கணினிக்குப் பக்கத்தில் வைத்தார். திரையில் இருந்த படங்களை விரலால் தொட்டார், பிறகு போனைத் தொட்டார். திரும்பவும் அதையே செய்தார். எங்கள் இருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. கம்பைநல்லூரில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறு பயிற்சி மையம் ஒன்றை நடத்துகிற டீச்சர் தலையணை வாங்கக் கடைக்கு வந்திருந்தார். மாடியிலிருந்து அம்மா பேசுவதைக் கேட்டு விசாரித்து மேலே ஏறி வந்தார். வெகுநேரம் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"எங்ககிட்ட பேச்சு வராத கொழந்தைங்க இருக்குதுங்க. இத எங்களுக்குப் போட்டுத் தருவீங்களா? லேப்டாப் இருக்குதுங்க, ஆனா விண்டோஸ் இல்ல, லினக்ஸுங்க" என்றார்.

தோழி என்னைப் பார்த்தாள். நாங்கள் எழுதியது விண்டோஸில் மட்டும்தான் ஓடும். உண்மையைச் சொன்னால் அந்த ஒரு கணினியில் மட்டும்தான் ஓடும். எழுதும்போது உலகத்தில் வேறு கணினி இருக்கிறது என்ற எண்ணமே எங்களுக்கு இருக்கவில்லை. எல்லாம் ஒரே கோப்பில் கிடந்தது. குரல்கள் டி டிரைவில் இன்ன இடத்தில் இருக்கும், திரை இவ்வளவு அகலம் இருக்கும் என்று வரிக்கு வரி உறுதியாக எழுதியிருந்தோம். எழுதிய நிரலை ஓடக்கூடிய மென்பொருளாகக் கட்டித் தருகிற வேலைக்கு பில்ட் என்று பெயர். எங்கள் பில்டும் அந்தக் கணினியில்தான் நடக்கும். என் லேப்டாப்பில் முயன்றால் முதல் வரியிலேயே நின்றுவிடும். அதனால்தான் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டுமென்றாலும் நான் பஸ் ஏறி வந்தேன்.

டீச்சரிடம் கொஞ்ச நாள் அவகாசம் கேட்டு அனுப்பிவிட்டு இருவரும் உட்கார்ந்தோம்.

"மூணா எழுதிடலாம்டி" என்றாள் தோழி. "போனுக்கு ஒண்ணு, லேப்டாப்புக்கு ஒண்ணு. இது இப்பிடியே இருக்கட்டும்."

"நாளைக்கு அம்மா புதுசா ஒரு வார்த்தை கேட்டா மூணு எடத்துல சேக்கணும். ஒண்ணுல விட்டுடுவோம்."

"விட்டுட்டா சேத்துக்கலாம். இத ஒடச்சுப் பிரிச்சுட்டு திரும்ப ஒட்டலன்னா என்ன பண்ணுவ? உனக்கு இது வெறும் புரோகிராம். எங்கம்மா பேசறதுடி இது."

கடைசியில் ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு ஒரு நகலில் வேலை செய்வது என்று முடிவானது. நகல் முழுதாகப் பேசுகிற வரை அம்மாவின் கணினிக்குப் பக்கத்தில்கூட அதைக் கொண்டுவரக் கூடாது என்றாள் தோழி.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் என் நினைவில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தவை போலவே இருக்கின்றன. மாந்தோப்புகள் ஓடும். வெயில் மடியில் வந்து விழும். கண் பாதி மூடியிருக்கும். நிரலின் வரிகள் புளியமரங்களுக்கு இடையில் தொங்குவது போலத் தெரியும். ஒவ்வொரு வரியையும் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நீ எல்லா ஊருக்கும் உரியவளா, இந்த ஊருக்கு மட்டுமா? எந்தப் படத்துக்கு எந்த வார்த்தை, அடிக்கடி சொல்கிற வார்த்தை எது, அதை மேலே கொண்டுவருவது எப்படி என்பதெல்லாம் எங்கும் ஒன்றுதான். படத்தைத் திரையில் வரைவது, குரலை ஸ்பீக்கருக்கு அனுப்புவது, கோப்புகள் எங்கே கிடக்கின்றன என்று தேடுவது ஆகியவை விண்டோஸில் ஒரு விதம், லினக்ஸில் ஒரு விதம், போனில் வேறு விதம். பொதுவானதைத் தனியாக ஒரு ஃபோல்டரில் சேர்த்தோம். மற்றவற்றை ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு ஃபோல்டராகப் பிரித்தோம். பொதுவான பகுதிக்குத் தான் எங்கே ஓடுகிறோம் என்பதே தெரியக் கூடாது. "சோறு என்று சொல்" என்று மட்டும் அது சொல்லும். எப்படிச் சொல்வது என்பதை அந்தந்த ஃபோல்டர் பார்த்துக்கொள்ளும்.

சொல்வது சுலபம். ஒரு வரியை இழுத்தால் அதோடு இன்னும் பத்து வரி சிக்கிக்கொண்டு வந்தது. கண்டக்டர் தோளைத் தொட்டு, "பஸ் ஸ்டாண்டு வந்துருச்சுங்க" என்று சொன்ன பிறகுதான் பல நாள் எழுந்திருக்கிறேன்.

பில்டையும் மாற்றினோம். எந்தெந்தப் பகுதி எந்தெந்த இயந்திரத்துக்கு வேண்டும் என்பதை ஒரே கோப்பில் எழுதினோம். போனுக்கு என்று சொன்னால் போனுக்கு, லினக்ஸுக்கு என்று சொன்னால் லினக்ஸுக்கு அதுவே கட்டித் தர வேண்டும். என் லேப்டாப்பில் அது முதல்முறை தடங்கல் இல்லாமல் முடிந்தபோது நான் பொம்மிடியில் என் வீட்டில் இருந்தேன். விடிந்து வெகுநேரம் ஆகவில்லை. ஸ்டேஷனில் ஏதோ ரயில் நின்று புறப்பட்டுக்கொண்டிருந்தது. தோழியின் குரல் என் அறையில், "தண்ணி" என்றது. அவள் வீட்டுக்கு வெளியே அந்தக் குரல் பேசியது அதுதான் முதல் தடவை. என் கணவர் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்து, "எப்ப வந்தாங்க?" என்று கேட்டார்.

அதைச் சொல்ல அவளுக்குப் போன் செய்தேன். எடுத்தவுடன் அவள் அழுதாள்.

பழைய கணினி நின்றுபோயிருந்தது. சில நாளாகவே திடீர் திடீரென்று அணைந்துகொண்டிருந்ததாம். எனக்குச் சொன்னால் அவசரப்படுவேன் என்று சொல்லவில்லை. அத்தா பெட்டியைத் திறந்து பார்த்தபோது உள்ளே காற்றாடியைச் சுற்றி இலவம்பஞ்சு கூடு கட்டினாற்போல் அடைந்திருந்தது. சுத்தம் செய்து போட்டார்கள். சிறிது நேரம் ஓடியது. பிறகு உயிர் வரவே இல்லை. கணினி பழுது பார்ப்பவர் மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லிவிட்டார்.

நான் ஆபீசுக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். அன்று படியேறும்போது என்னை யாரும் அழைக்கவில்லை. அம்மா இருண்ட திரைக்கு முன்னால் வழக்கம் போல உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இடது கை தானாக மவுஸ் மேல் போய் நின்றது. பிறகு எடுத்துக்கொண்டார். வீடு முழுக்க மெத்தைக்குள் இருப்பது போல ஓர் அடைத்த அமைதி. அத்தா அடிக்கடி மேலே வந்து, "எதனா வேணுமா?" என்று கேட்பார். அம்மா தலையசைப்பார். அது வேண்டும் என்பதா வேண்டாம் என்பதா என்று தெரியாமல் அத்தா நின்றுகொண்டேயிருப்பார்.

"ஒடைக்காமயே ஒடஞ்சிருச்சு பாத்தியா" என்றாள் தோழி. "சரி, எதுன்னாலும் போன்ல வச்சிக் குடு. பாதி பேசுனாலும் பரவால்ல."

அந்த வாரம் அங்கேயே தங்கினேன். போனுக்கான பில்ட் தடுக்கித் தடுக்கி விழுந்தது. ஒரு தவறைச் சரிசெய்தால் அதன் பின்னால் ஒளிந்திருந்த இன்னொன்று வெளியே வந்தது. மதியங்களில் நான் லேப்டாப்பை மடியில் வைத்தபடி தூங்கிவிடுவேன். கீழே பஞ்சு அடிக்கிற சத்தம் தூக்கத்துக்குள் மழை போலக் கேட்கும். விழித்தால் அம்மா என் மேல் ஒரு போர்வையைப் போட்டிருப்பார்.

ஒருவழியாகப் போனில் படங்கள் வந்தன. தோழி அதை அம்மாவின் கையில் கொடுத்தாள். அம்மா "தண்ணி"யைத் தொட்டார். போன் பேசியது. "டீ" பேசியது. "அத்தா" பேசியது. அவர் முகம் மலர்ந்தது. "சோறு" படத்தைத் தொட்டார். போன் சும்மா இருந்தது. மறுபடி தொட்டார். அழுத்திப் பிடித்துப் பார்த்தார். பிறகு போனைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"ஏன்டி, தண்ணி குடுக்குது, சோறு குடுக்க மாட்டேங்குது?" என்றாள் தோழி.

"கோழி"யும் பேசவில்லை, "தோசை"யும் பேசவில்லை. "போ", "மோர்", "கொசு", "போதும்" எல்லாம் ஊமையாக இருந்தன. குரல் கோப்புகள் போனில் பத்திரமாக இருந்தன. தனியாகத் திறந்தால் பேசின. நிரல் கேட்டால் மட்டும் அப்படியொரு கோப்பே இல்லை என்றது. நான் நிரலை மேலிருந்து கீழாகப் படித்தேன். தவறு ஒன்றும் தெரியவில்லை.

தோழி அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து பேசாத வார்த்தைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிவு செய்த நாளிலிருந்து அந்த வார்த்தைகளெல்லாம் அவளுக்கு மனப்பாடம். சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"ஏய், எல்லாத்துலயும் ஒ, ஓ வருதுடி. சோ, கோ, தோ, போ."

"ஒடம்பு பேசுச்சே" என்றேன். "அதுலயும்தான் ஒ வருது."

"அது தனி எழுத்து. இதெல்லாம் கொம்பு போட்டு, பக்கத்துல கால் வாங்கி எழுதறது."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. 'சோ' என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாக வைத்துக்கொள்ளலாம். முன்னால் வரும் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனியாக வைக்கலாம், அல்லது இரண்டையும் சேர்த்து ஒரே குறியாக வைக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு வேறு. குரல் கோப்புகளுக்குத் தோழி பழைய கணினியில் தமிழிலேயே பெயர் வைத்திருந்தாள். அதில் இருந்த தட்டச்சு முறை பிரித்து வைத்தது. வார்த்தைகளை இப்போது நான் புதிதாகத் தட்டினேன். என் லேப்டாப் சேர்த்து வைத்தது. அதனால் ஒரே 'சோறு' இரண்டு சோறாகி ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் நின்றுகொண்டிருந்தது.

எந்த வார்த்தை எங்கிருந்து வந்தாலும் முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே தேட வேண்டும் என்று பொதுப் பகுதியில் எழுதினேன். அதை ஓர் இடத்தில் எழுதினால் போதும் என்பதைத் தோழி கவனித்தாள். என் முதுகில் ஒன்று வைத்தாள்.

மறுபடி கட்டி, போனை அம்மாவிடம் கொடுத்தோம். "சோறு" என்றது போன். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. "கோழி சொல்லுங்கம்மா, தோசை சொல்லுங்கம்மா, கொசு சொல்லுங்கம்மா" என்று மாறி மாறிக் கேட்டோம். அவரும் பொறுமையாக ஒவ்வொன்றாக அழுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து நாங்கள் கேட்காமலேயே ஒரு படத்தை அழுத்தினார்.

"போதும்" என்றது தோழியின் குரல்.

மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வத்தல்மலைக்கு அழைத்துப் போனோம். போக வேண்டும் என்று அவரே கேட்டார். "மலை" என்ற படம் இல்லை. "வெளிய", "மேல", "குளிர்" என்று மூன்றையும் அடுத்தடுத்து அழுத்தினார். நாங்கள் பல இடங்களின் பெயரைச் சொல்லிப் பார்த்து, கடைசியில் வத்தல்மலை என்றதும் "ஆமா" என்றார். மினி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனைக் கழுத்தில் மாட்டியிருந்தார். வளைவுகள் ஏற ஏற மேகம் சாலைக்கு இறங்கி வந்தது. கீழே தருமபுரி இருக்கிறது என்பதே மறந்துபோனது. மரங்கள் பாதி பாதியாகத் தெரிந்தன. பஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராக அமைதியானார்கள். அந்த அமைதியில் அம்மா மட்டும் அவ்வப்போது, "நல்லாருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மேலே ஒரு டீக்கடை. கடைக்கார அம்மாள் தோழியைப் பார்த்து, "அம்மா டீ குடிப்பாங்களா? சக்கரை போடலாங்களா?" என்று கேட்டாள். பக்கவாதம் வந்த நாளிலிருந்து எல்லாரும் அப்படித்தான். அவர் முன்னாலேயே அவரைப் பற்றி மகளிடம் கேட்பார்கள்.

"டீ. சக்கரை. கம்மி" என்று குரல் வந்தது.

கடைக்கார அம்மாள் தோழியின் மூடிய வாயைப் பார்த்தாள். "யாருங்க பேசறது?"

அம்மா போனைச் சற்று உயர்த்திப் பிடித்தார். தேடி ஒரு படத்தை அழுத்தினார்.

"நான்."

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு தோழியை விட்டுவிட்டு அம்மாவுக்கு எதிரே வந்து நின்றாள். "இஞ்சி தட்டிப் போடட்டுங்களா?" என்று அவரையே கேட்டாள். அம்மா "போடு" என்றார். அதற்குள் மேகம் கடைக்குள் வந்து எங்கள் டம்ளர்களைச் சுற்றி நின்றது. சற்று நேரம் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. நாங்கள் கிளம்பும்போது இருவரும் சமையலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கம்பைநல்லூருக்கு அதன் பிறகு போனோம். லினக்ஸுக்கான பில்ட் அநேகமாகச் சிரமம் தரவில்லை. பொதுப் பகுதி ஏற்கெனவே தேறிவிட்டிருந்தது. டீச்சர் லேப்டாப்புகளை வரிசையாக வைத்திருந்தார். குழந்தைகள் மவுஸால் படங்களை அழுத்த ஆரம்பித்ததும் நாலா பக்கமும் தோழியின் குரல் எழுந்தது. "அம்மா", "பசி", "போ", "வா" என்று ஒரே நேரத்தில் பல இடங்களிலிருந்து அவளே அவளை அழைத்தாள். கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டு வெளியே போய்விட்டாள். நான் பின்னால் போனேன்.

"நல்லாத்தான இருக்குது?" என்றேன்.

"எங்கம்மாவுக்குச் சரிடி. நான் அவங்க பொண்ணு. இந்தக் கொழந்தைங்க ஏன் என் கொரல்ல பேசணும்? அவங்கவங்க வூட்டுக் கொரலு இருக்கணும்."

திரும்பவும் பிரித்தோம். இந்தத் தடவை பயப்படாமல் அவளே முதலில் கை வைத்தாள். குரலை மற்ற எல்லாவற்றிலிருந்தும் தனியாக எடுத்தாள். யாருடைய குரல் வேண்டுமோ அதை வைத்துக் கட்டிக்கொள்ளலாம் என்று பில்டை மாற்றினாள். பிறகு பெற்றோர்களை ஒவ்வொருவராக மையத்துக்கு வரவழைத்துப் பதிவு செய்யத் தொடங்கினோம்.

முதல் நாள் கடைசியாக வந்தவர் பக்கத்து ஊரில் தக்காளி போட்டிருக்கிற ஓர் அம்மா. பறிப்பு முடித்து நேராக வந்திருந்தார். அவருடைய பெண் பிறந்ததிலிருந்தே பேசியதில்லை. மைக்கைப் பார்த்து முதலில் கூசினார். தோழி ஒவ்வொரு படமாகக் காட்ட, வகுப்பில் பாடம் ஒப்பிப்பது போலச் சொல்லிக்கொண்டு வந்தார். பாதிக்கு மேல் அவர் குரல் இளகிவிட்டது. "பசிக்குது" என்பதை உண்மையிலேயே பசித்த குழந்தை போலச் சொன்னார். எல்லாம் முடிந்து தோழி மைக்கை எடுக்கப் போனாள்.

"இருங்க கண்ணு" என்றார். "என்னைத் திட்டறதுக்கு எதனா வார்த்தை இருக்குதுங்களா இதுல?"

"இல்லீங்களே" என்றாள் தோழி.

"அவ அக்கா என்னை நல்லாத் திட்டுவா. இவ பாத்துக்கிட்டே நிப்பா. இவளும் திட்டட்டும், வைங்க."

தோழி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மைக்குக்குக் கிட்டே வந்தார். தன்னைத்தானே திட்டுவதற்கு நாலைந்து வார்த்தைகளை, மகள் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படிக் கோபமாக, ஒவ்வொன்றாக நிறுத்தி நிதானமாகச் சொன்னார். ஒன்று சரியாக வரவில்லை என்று அவரே மறுபடி சொன்னார். நாங்கள் அவற்றுக்குப் படம் வரையத் தெரியாமல், வெவ்வேறு நிறத்தில் சிறு வட்டங்களாகத் திரையின் ஓரத்தில் வைத்தோம்.